மலைக்கு நடக்கும் தம்பதிகளே, பூச்சி விரட்டி பூசத் தெரியுமா?



ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி, பௌர்ணமிக்குப் பர்வதமலை என்று பிள்ளைகுட்டிகளோடு மலை ஏறுகிறீர்கள். காட்டு வழியில் பூச்சி கடிக்குமே என்று கடையில் களிம்போ தெளிக்கும் மருந்தோ வாங்கிக்கொள்கிறீர்கள். நல்ல பழக்கம்தான். அதைச் சரியாகப் பூசத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து வேறு, உடம்பில் பூசும் பூச்சி விரட்டி வேறு. "கொஞ்சூண்டு தண்ணியில கலந்து கால்ல தடவினா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. அந்த விஷம் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கிவிடும்.

பூச்சி விரட்டிகளில் பெயர் பெற்றது டீட் என்னும் மருந்து. 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உண்டாக்கப்பட்டது. இது பூச்சியைக் கொல்லாது, அண்ட விடாது, அவ்வளவுதான். துணிக்கு வெளியே தெரியும் தோலில் மட்டும் லேசாகப் பூசினால் போதும். உள்ளாடைக்குள், புண்ணில், சிராய்ப்பில் பூசாதீர்கள். முகத்துக்கு நேராகத் தெளிக்காமல், உள்ளங்கையில் எடுத்து, கண்ணையும் உதட்டையும் விட்டுவிட்டுத் தடவுங்கள். வேர்வையில் கரைந்தால் லேபிளில் சொன்ன நேரம் பார்த்து மறுபடி பூசலாம். தெளிக்கும் மருந்து தீப்பிடிக்கக் கூடியது. கற்பூரத் தட்டு, பீடி நெருப்புக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பெரியவர்களே பூசிவிட வேண்டும். அதுவும் பிள்ளையின் உள்ளங்கையில் வேண்டாம். அந்தக் கைதானே வாய்க்கும் கண்ணுக்கும் போகிறது! இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு அறவே வேண்டாம், கொசுவலை போதும். பால் கொடுக்கும் தாய்மார்கள் மார்பில் படாமல் பூசி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். கர்ப்பிணி பூசலாமா? லேபிளில் உள்ள அளவுப்படி டீட் பூசலாம். வயிற்றுப் பிள்ளையோடு மலை ஏறலாமா என்பது வேறு கேள்வி; அதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

கொசு மட்டுமே கடிக்கும் என்று நினைக்காதீர்கள். புதரிலும் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிற்றுண்ணி இருக்கிறது. அது கடித்து வருவதுதான் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புல்லிலிருந்து காலில்தான் முதலில் ஏறும். ஆகவே கணுக்காலையும் கெண்டைக்காலையும் மறக்காதீர்கள். வெறும் புல்லில் உட்காராமல் ஒரு விரிப்புப் போடுங்கள்.

வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, மருந்தைக் கழுவிவிடுங்கள். உடுத்திய துணியைத் துவைக்கப் போடுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி இவை தனக்குத் தானே பார்க்க முடியாத இடங்கள். வெட்கம் வேண்டாம். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் அதுவே அடையாளம். வலிக்காது, அதனால் தெரியாமலே போகும். சிலருக்குப் பொருக்கு வராமலும் இருக்கலாம்.

தலைவலியோடு காய்ச்சல் என்றால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "மலைக்குப் போய் வந்தோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். நாள் தள்ளினால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும், கருவும் கலையலாம். ஆகவே கர்ப்பமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை வேறு.