காற்றிலும் நெரிசல்

அறுபத்துமூவர் விழாவன்று மயிலை மாட வீதிகளில் கூட்டம் நெரிவதை நாம் அறிவோம். அத்தகைய நெரிசல் நம் அடுக்கு வீடுகளின் காற்றிலும் உண்டு, தோழியரே! பாடம் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனாலேயே.

வை-ஃபைக்குரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த நம் அரசு 2005-இல் அனுமதித்தது. அதில் 13 தடங்கள், 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. ஆனால் ஒவ்வொரு ரவுட்டரும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. பக்கத்து வீட்டார் 6-இல் இருக்க, நாம் 8-ஐத் தேர்ந்தால் இருவருக்கும் கேடு. அதே 6 கூடப் பரவாயில்லை; ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு முறைவைத்துப் பேசும். 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கோ அந்த நாகரிகம் தெரியாது! ரவுட்டரை அதனருகே வைக்கலாகாது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நெரிசல் குறைவு. சுவரைத் தாண்டுவதில்தான் அது சோம்பேறி.

இனி, யாரை உள்ளே விடுவது? கருவிகளின் முகவரிப் பட்டியலை மட்டும் நம்பலாகாது. அம்முகவரியைப் போலியாக்குவது எளிது. டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 பூட்டும், நீண்ட கடவுச்சொல்லும் வேண்டும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரது பூட்டப்படாத வை-ஃபை வழியே சென்றது. எழுதியவர் அவரல்லர், ஆயினும் போலீசார் முதலில் தேடி வந்தது அவர் வீட்டுக்கே.