‘வேணும்’ – ‘விசுவாசம்’: மன்னார் வளைகுடாக் கரையில் கிறித்தவச் செபத்தமிழின் தொடக்கம்

திறவுச்சொற்கள்: செபத்தமிழ், பிரான்சிசு சவேரியார், வேதாளை, கணக்கப்பிள்ளை, தம்பிரான் வணக்கம்

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்தின் மன்னார் வளைகுடாக் கரையில் பெரியபட்டினம், புதுமடம், வேதாளை, மண்டபம் ஆகிய ஊர்கள் மேற்கிலிருந்து கிழக்காக அமைந்துள்ளன. இராமேசுவரத்திற்கு வழிநடந்த பயணிகள், மரக்கலம் செலுத்திய இசுலாமியர், முத்துக்குளித்த பரதவர் ஆகியோரின் தடங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்ட நிலம் இது. தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் இம்மாவட்டம் பற்றிய பேச்சு, ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டுண்டு இறந்த அருளானந்தரோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்கு 144 ஆண்டுகளுக்கு முன்பே, 1549இல், வேதாளையில் அந்தோணி கிரிமினாலி என்னும் இத்தாலியத் துறவி கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி என அச்சபையினர் போற்றுவது இவரையே.

கிரிமினாலி காலத்தில் இக்கரையில் வழங்கிய கிறித்தவம் நூலால் பரவியதன்று, ஓதுதலால் பரவியது. பொருள் விளங்காத கிளிப்பிள்ளைப் பாடம் என்று அவ்வோதுதலை ஒதுக்கிவிடும் போக்கு ஆய்வாளரிடையே உண்டு. அம்மதிப்பீடு பொருந்துமா என்பதைச் செபமொழியில் நிகழ்ந்த ஒரு சொற்றிருத்தத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓதுவித்தல்

1530களின் நடுப்பகுதியில் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். எனினும் அவர்களுக்குக் கற்பிப்பார் எவரும் இல்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தோரைத் துணைக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், ஆண்டவர் கற்பித்த செபம், மரியன்னை வணக்கம் முதலியவற்றைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். தாம் கற்பித்த முறையினை 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவர் விரிவாகக் குறித்துள்ளார். ஞாயிறுதோறும் ஆண், பெண், சிறுவர் அனைவரும் கூடுவர். விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு பகுதியையும் அவர் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்வர். பின்னர், இதனை நம்புகிறீர்களா என வினவப்படும். கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, நம்புகிறோம் என விடையிறுப்பர். அதனையடுத்து, அப்பகுதியை ஐயமின்றி ஏற்கும் அருளை வேண்டி ஒரு சிறு மன்றாட்டு ஓதப்படும்.

இவ்வமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. சொல், வினா, உடல்மொழி, மன்றாட்டு என நான்கு படிகளில் ஒரே கருத்து மீண்டும் மீண்டும் நிறுத்தப்படுகிறது. மறைநூல் கையில் இல்லாத மக்களுக்கு இதுவே வழிபாடு, இதுவே மறைக்கல்வி, இதுவே தியானம். வெறும் மனப்பாடமே நோக்கமாயின் நான்காம் படிக்குத் தேவையில்லை.

சவேரியார் ஊரூராகச் சென்றபின் இவ்வோதுதலை நடத்தியவர் கணக்கப்பிள்ளை. ஊர்க்கணக்கு எழுதியவருக்குரிய பெயர், செபம் சொல்லிக்கொடுப்பவருக்கும் உரியதாயிற்று. எழுத்தறிந்தவரிடமே மறையும் ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு இப்பெயரே சான்று. அருகிலுள்ள இசுலாமியக் குடியிருப்புகளில் அரபு மறையினை ஓதப் பயிற்றும் மரபும், சிவாலயங்களில் ஓதுவார் மரபும் நிலவிய நாட்டில், பொருளுக்கு முன் ஒலியைப் பெற்றுக்கொள்வது எவருக்கும் புதுமையாகத் தோன்றியிராது.

ஒரு சொற்றிருத்தம்

1544இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய மடல்களுள் ஒன்றில் சவேரியார் ஒரு பிழையைச் சுட்டுகிறார். விசுவாச அறிக்கையில் ‘எனக்கு வேணும்’ என்று வருமிடத்தில் ‘வேணும்’ என்பதை நீக்கி ‘விசுவாசம்’ என்று சொல்லவேண்டும் என்பது அவர் அறிவுறுத்தல். முன்னது விரும்புதலையும் பின்னது நம்புதலையும் குறிக்கும் என்பது அவர் தரும் காரணம். கிறித்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் ‘வன்பினாலே’ எனப் படிக்கத்தக்க ஒரு சொல்லையும் அவர் விலக்குகிறார். அது வற்புறுத்தலைக் குறிப்பதாகவும், கிறித்து பாடுபட்டது தம் விருப்பத்தால் என்பதாகவும் அவர் விளக்குகிறார். இறையியல் நுட்பம் சார்ந்த திருத்தம் இது. தமிழைத் தட்டுத்தடுமாறிக் கற்ற ஒருவர் இதனைத் தாமே கண்டிருத்தல் அரிது. கேட்ட தமிழர் எவரோ எடுத்துரைத்திருக்க வேண்டும். அவ்வாறாயின், ஓதியவர் பொருளறியாது ஓதினர் என்னும் கூற்று வலுவிழக்கிறது.

திருத்தப்படாது நின்ற சொல் இன்னும் சிறப்புடையது. ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமை அப்படியே தொடர்கிறது. இலத்தீன் மூலத்தில் நம்புபவன் எழுவாய். நம்புதல் அவன் செயல். ‘எனக்குப் பசி’, ‘எனக்கு நினைவு’ என்பவற்றைப்போல ‘எனக்கு விசுவாசம்’ என்னும்போது, நம்பிக்கை ஒருவன் செய்வதாகவன்றி அவனிடத்து வந்து சேர்வதாக அமைகிறது. பிற்காலச் செபநூல்களில் ‘விசுவசிக்கிறேன்’ என்னும் தன்மை வினைமுற்று இடம்பெற்றபோது இத்தொடரமைப்பு மறைந்தது. பேச்சுத்தமிழ் தன் இயல்பில் அளித்த ஒரு பொருட்சாயல் அத்துடன் போயிற்று.

வேதாளையும் அச்சும்

வேதாளைப் போருக்கு வித்திட்டவர் அங்கிருந்த போர்த்துக்கீசியத் தலைவரே. இராமேசுவரப் பயணிகளின் வழியை மறித்து அவர்களிடம் வரி தண்டியதால் வடுகர் படை எழுந்தது. திருமுழுக்குப் பெற்ற பெண்களையும் சிறுவரையும் படகேற்றிவிடக் கரையிலேயே நின்ற கிரிமினாலி ஈட்டியால் குத்துண்டு இறந்தார். தமிழை எழுதப் படிக்கக் கற்றிருந்தவர் அவர். வணிக அதிகாரத்தின் பேராசைக்கு உயிர் கொடுத்தவர் அதில் பங்கில்லாத ஆசிரியர் என்பதை இரத்தசாட்சி வரலாறுகள் விரைந்து கடந்துவிடுகின்றன.

அவருக்குப்பின் அப்பணியின் தலைமை அண்டிரிக் அடிகளாருக்கு வந்தது. செபங்களைத் திருத்தியும் இலக்கணம் எழுதியும் உழைத்த அவர், 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறுநூலை அச்சிட்டார். அடுத்த ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளிவந்தது. 1586இல் புனிதர் வரலாறுகள் பெருநூலாக வந்தன. அக்கால ஓலை வழக்கில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரிவதில்லை. செபத்தை முன்னரே நாவில் உடையவனுக்கு அத்தகைய எழுத்து இடர் தருவதன்று. இக்கரையினரைப் பொறுத்தவரை அச்சுநூல் புதிதாக ஒன்றைக் கற்பிக்கவில்லை. நினைவில் இருந்ததற்கு வரம்பு கட்டியது. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியது 1714–15இல்தான். ஓதுதலுக்கும் மறைநூலுக்கும் இடையே 170 ஆண்டுகள்!

‘பரமண்டல மந்திரம்’, ‘பிரியதத்த மந்திரம்’, ‘விசுவாச மந்திரம்’ எனச் செபங்களை மந்திரம் என்றே வழங்கும் மரபு கத்தோலிக்கரிடையே நெடுநாள் நிலவியது. அண்மைக்கால வழிபாட்டு மொழிபெயர்ப்புகளில் ‘விசுவசிக்கிறேன்’ என்பதன் இடத்தை ‘நம்புகிறேன்’ பெற்றுள்ளது. தொல்காப்பிய உரியியல் ‘நம்பு’ என்னும் உரிச்சொல்லுக்குத் தரும் பொருள் ‘நசை’, அதாவது விருப்பம். 1544இல் பிழையென நீக்கப்பட்ட ‘வேணும்’ நின்ற பொருட்புலமும் அதுவே. அதனைச் சவேரியார் அறிந்திருக்க வழியில்லை.