தங்கிய இடமும் தொழுமிடமே



அமெரிக்காவில் வசிக்கும் நம் சகோதரர்கள் சிலர் விடுமுறையில் குடும்பத்தோடு காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். வீட்டுப் பூனையையும் உடன் கொண்டு போவோர் உண்டு. அங்குள்ள தனியார் முகாம்கள் பலவற்றில் வளர்ப்புப் பிராணிக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். இதில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. கூடைக்குள் மறைத்துக் கொண்டு போனால் யாருக்குத் தெரியும்? கட்டணம் கட்டிவிட்டால் சுத்தம் செய்வது அவர்கள் வேலைதானே?

முதலாவது கேள்விக்கு வருவோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா சூராவின் முதல் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஹலாலை ஹராமாக்காத, ஹராமை ஹலாலாக்காத நிபந்தனைகளுக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட்டவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (திர்மிதீ). இடத்தின் உரிமையாளர் முஸ்லிமா இல்லையா என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. மறைத்துக் கொண்டு போவது மோசடி. மிச்சமாவது சில டாலர். ஆனால் வாசலைக் கடக்கும்வரை பூனையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள் என்று நாம் சொல்லும்போது, பின் சீட்டில் இருக்கும் பிள்ளை நம்மிடம் எதைக் கற்றுக்கொள்கிறது? முன்பு அப்படிச் செய்தவர்கள் தவ்பாவோடு நின்றுவிடக் கூடாது. இது அடியார்களின் ஹக்கு. அந்தத் தொகையை உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி. கட்டணம் தங்குவதற்குத்தானே தவிர, அசுத்தம் செய்வதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. பூனை நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றி வரும் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூ கதாதா (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). ஆனால் அதன் மலம் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் நஜீஸ்தான். அதில் உள்ள கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையே பாதிக்கக் கூடியது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் பிராணியை ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் கழிவை அகற்றுவதும் வளர்ப்பவரின் பொறுப்பு.

மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). நம் பிராணி அசுத்தம் செய்த நிழலை அப்படியே விட்டு வந்தால், அடுத்து வருபவருக்கு ஏற்படும் தொல்லை வேறா?

அன்பானவர்களே! பூமி முழுவதும் எனக்கு மஸ்ஜிதாக ஆக்கப்பட்டுள்ளது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது நமக்குத் தெரியும் (புகாரீ). நாம் ளுஹர் தொழுத அதே புல்தரையில் நாளை இன்னொரு முஃமின் முஸல்லா விரிக்கலாம். பள்ளிவாசலின் ஸஃப்பில் குப்பையைப் போட்டுவிட்டு வருவோமா?

ஆகவே புறப்படும் முன் கூடாரம் இருந்த இடத்தைப் பிள்ளைகளோடு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பூனையின் கழிவைப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். முந்தியவர் விட்டுப்போன குப்பை கிடந்தால் அதையும் எடுங்கள். பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று.

யாரும் பார்க்காத இடத்திலும் அமானிதம் பேணுபவர்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.