மஞ்சள் பூட்ஸும் வெறுங்காலும்

அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையில் செல்லும்போது, கதவோரம் இருக்கும் காலணி அடுக்குகளைக் கவனித்திருக்கிறீர்களா? பள்ளிக்கு அணியும் வெள்ளைக் காலணி, கடைக்குப் போட்டுச் செல்லும் செருப்பு, பந்து விளையாடும் காலணி என ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையே அங்கு வரிசையாக இருக்கும். தேசிய சேவையாற்றும் பிள்ளை உள்ள வீட்டில், மெருகேற்றிய கறுப்புப் பூட்ஸ் ஒரு சோடி தனியாக நிற்கும். அதைக் கண்டதும், அந்த வீட்டில் ஒருவர் சீருடை அணிகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

பாதத்தைக் காப்பதற்காகவே காலணி தோன்றியது. ஆயினும், அது அணிபவரைப் பற்றிய செய்தியையும் சொல்கிறது. கணுக்காலையும் சில சமயம் முழங்கால்வரையும் மூடும் பூட்ஸுக்கு இது மிகவும் பொருந்தும். போர்வீரர், விவசாயி, சுரங்கத் தொழிலாளி, பாடகர், மீன் வியாபாரி எனப் பலரும் பூட்ஸ் அணிகின்றனர். ஆனால், ஒவ்வொருவர் காலிலும் அதற்கு வெவ்வேறு பொருள் உண்டு. இதனை ரப்பர் பூட்ஸின் வரலாற்றைக் கொண்டு அறிவோம். லண்டனில் தொடங்கும் அந்த வரலாற்றில் நம் முன்னோருக்கும் பங்குண்டு.

கோமகனின் பூட்ஸ்

ஆர்தர் வெல்லெஸ்லி என்பவர் பிரிட்டிஷ் படைத் தளபதி. இவர் 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த போரில் பங்கேற்றவர். 1815இல் வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். வெலிங்டன் கோமகன் என்ற பட்டத்தால் இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

அக்காலப் படை அதிகாரிகள் ‘ஹெசியன்’ எனப்படும் தோல் பூட்ஸை அணிந்தனர். அதன் மேல்விளிம்பில் அலங்காரக் குஞ்சம் தொங்கும். வெலிங்டன், அந்த அலங்காரத்தை நீக்கிவிட்டு, மென்மையான கன்றுத்தோலில், காலோடு ஒட்டினாற்போல் பூட்ஸ் தைத்துத் தருமாறு லண்டனில் இருந்த தம் காலணித் தைப்பாளரிடம் கேட்டார். குதிரைமீது அமர்ந்து போரிடவும் மாலை விருந்துகளுக்குச் செல்லவும் அது ஏற்றதாக இருந்தது.

புகழ்பெற்ற தளபதி அணிவதைப் பிறரும் அணிய விரும்பினர். பிரிட்டனின் செல்வந்தர்களிடையே ‘வெலிங்டன் பூட்ஸ்’ நாகரிகத்தின் அடையாளமாயிற்று. தேவைக்காக உருவான ஒரு பொருள் மிக விரைவிலேயே அழகுக்காகவும் அணியப்பட்டது.

தோலிலிருந்து ரப்பருக்கு

தோல் பூட்ஸுக்கு ஒரு குறை உண்டு. ஈரத்தில் நெடுநேரம் இருந்தால் அது நீரை உறிஞ்சிவிடும். ரப்பர் நீரை உள்ளே விடாது. ஆயினும், பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெப்பத்தையும் குளிரையும் தாங்கும் என்பதைக் கண்டறிந்தார்.

இந்த முறையைப் பயன்படுத்தி ஹைரம் ஹட்சின்சன் என்ற மற்றோர் அமெரிக்கர், 1853இல் பிரான்சில் ரப்பர் காலணித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அங்குள்ள விவசாயிகள் அதுவரை மரக்கட்டையில் குடைந்த காலணிகளையே அணிந்து வயலில் உழைத்தனர். ரப்பர் பூட்ஸ் வந்தபின், சேற்றில் நாள் முழுவதும் நின்றவர்களும் நனையாத பாதங்களுடன் வீடு திரும்ப முடிந்தது. செல்வந்தர்களின் பூட்ஸ் இவ்வாறு உழைப்பாளிகளின் பூட்ஸாக மாறியது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஐரோப்பாவின் போர்முனைகளில் வீரர்கள் நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் பல நாள்கள் நிற்க வேண்டியிருந்தது. ஈரமும் குளிரும் சேர்ந்து பாதங்களை மரத்துப்போகச் செய்தன. சதை அழுகிக் காலையே இழந்தவர்களும் உண்டு. எனவே, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இருந்த ரப்பர் நிறுவனம் ஒன்றிடம் பிரிட்டிஷ் ராணுவம் ரப்பர் பூட்ஸைக் கேட்டுப் பெற்றது. போர் முடிவதற்குள் அந்நிறுவனம் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட சோடிகளைத் தயாரித்தது.

ரப்பர் எங்கிருந்து வந்தது?

இத்தகைய பொருள்களுக்குத் தேவையான ரப்பர் ஐரோப்பாவில் விளையவில்லை. ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. அங்கிருந்து 1876இல் விதைகள் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு முளைக்க வைக்கப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. சில இங்கே பூமலையிலும் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரிலும் நடப்பட்டன.

1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடு நேராமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். காப்பித் தோட்ட முதலாளிகளைச் சந்திக்கும்போதெல்லாம் ரப்பர் பயிரிடுமாறு வற்புறுத்தியதால், ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று அவரைக் கேலி செய்தனர். ஆனால், மோட்டார் வாகனங்கள் பெருகியபோது கேலி செய்தவர்களும் ரப்பர் நட்டனர். 1920 வாக்கில் உலகின் ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து கிடைத்தது.

அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்குக் கூடி, பால்வெட்டும் உளியுடன் இருட்டில் மரக்காட்டுக்குள் சென்றனர். குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். மரத்துக்கு மரம் சென்று பட்டையைச் சீவி, வடியும் பாலை மங்கில் ஏந்தி, பின்னர் வாளிகளில் சேர்த்துச் சுமந்து வந்தனர். காலடியில் ஈரமண்ணும் முள்ளும் அட்டையும் இருந்தன. உலகத்துக்குக் காலணி செய்ய ரப்பர் கொடுத்த அவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடனே நடந்தனர்.

வெறுங்காலுக்கு முள்ளைவிடப் பெரிய ஆபத்து மண்ணிலே மறைந்திருந்தது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈரமண்ணில் வாழும். அவை பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்று, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். போதிய கழிப்பறை வசதி இல்லாத தோட்டங்களில் இந்நோய் எளிதாகப் பரவியது. இரத்தச்சோகையால் தொழிலாளர்கள் மெலிந்து தளர்ந்தனர். பார்ப்பவருக்குச் சோம்பலாகத் தெரிந்தது உண்மையில் நோயின் களைப்பு. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது.

இந்த ஆண்டுகளை உற்றுநோக்குங்கள். ஐரோப்பாவில் வீரர்களின் பாதங்களைக் காக்க ரப்பர் பூட்ஸ் குவிந்துகொண்டிருந்த அதே காலத்தில், மலாயாவில் ரப்பர் பால் எடுத்தவர்களின் பாதங்கள் வழியே நோய் நுழைந்துகொண்டிருந்தது. எல்லாப் பாதங்களும் ஒரே மதிப்புடையவையாக அன்று கருதப்படவில்லை.

தாளமான பூட்ஸ்

பூட்ஸ் கிடைத்தவர்கள் அனைவரும் மதிப்புடன் நடத்தப்பட்டார்கள் என்று கூற முடியாது. 1886இல் தென்னாப்பிரிக்காவில் பெரும் தங்கவயல்கள் கண்டறியப்பட்டன. சுரங்கங்களில் உழைத்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தண்ணீர் தேங்கிய இருளில் நிற்க வேண்டியிருந்தது. நீரை வெளியேற்றுவதைவிட ரப்பர் பூட்ஸ் கொடுப்பது மலிவாக இருந்ததால் முதலாளிகள் அதனைக் கொடுத்தனர் என்பர்.

அத்தொழிலாளர்கள் அந்த பூட்ஸையே இசைக்கருவியாக்கினர். கைகளால் அதனைத் தட்டியும் கால்களைத் தரையில் ஓங்கி மிதித்தும் தாளம் எழுப்பி ஆடினர். வேலையின்போது பேசக்கூடாது என்ற தடை இருந்ததால், பூட்ஸைத் தட்டியே ஒருவருக்கொருவர் செய்தி சொன்னார்கள் என்றும் கூறப்படுகிறது. இன்று அந்த ரப்பர் பூட்ஸ் நடனம் உலக மேடைகளில் ஆடப்படுகிறது. அடக்குமுறையின் சின்னமாக இருந்த பொருள், அடங்க மறுத்த மனத்தின் சின்னமாயிற்று.

மேடையிலும் திரையிலும்

காலப்போக்கில் ரப்பர் பூட்ஸ் மீண்டும் நாகரிக உடையாகவும் மாறியது. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா பண்ணை நிலத்தில் நடைபெறுவது. மழை பெய்தால் திடல் முழுவதும் சேறாகிவிடும். அங்கு 2005இல் விளம்பர அழகி கேட் மோஸ் ரப்பர் பூட்ஸுடன் நடந்த படங்கள் இதழ்களில் வெளிவந்தன. அதன்பின், சேறே இல்லாத நகரச் சாலைகளிலும் இளையர்கள் அதனை விரும்பி அணிந்தனர்.

நம் நாட்டிலும் ஒரு சோடி பூட்ஸ் பெரும்புகழ் பெற்றது. 1997 முதல் 2007 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடரில் குர்மிட் சிங் நடித்த ‘புவா சூ காங்’ என்ற கட்டடக் குத்தகையாளரின் மஞ்சள் பூட்ஸே அது. சுருட்டை முடி, கன்னத்து மச்சம் ஆகியவற்றோடு அந்த மஞ்சள் பூட்ஸையும் பார்த்தவுடன் மக்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டனர். 2003இல் சார்ஸ் நோய் பரவியபோதும் 2021இல் கொவிட்-19 தடுப்பூசி இயக்கத்தின்போதும் பொதுமக்களுக்கு அறிவுறுத்த அக்கதாபாத்திரமே பாட்டுடன் முன்வந்தது. அலுவலகக் காலணி அணிந்தவர் சொல்வதைவிட, வேலைத்தளத்து பூட்ஸ் அணிந்தவர் சொல்வது தங்களுள் ஒருவர் சொல்வதுபோல் மக்களுக்கு இருந்தது.

நம்மைச் சுற்றியுள்ள பூட்ஸ்

நம் கண்முன் தினமும் நடமாடும் பூட்ஸை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஈரச்சந்தையில் மீன் வெட்டுபவர், கால்வாயில் இறங்கிக் குப்பை அகற்றுபவர், வெயிலில் கட்டடம் எழுப்புபவர் ஆகியோர் அதனை அழகுக்காக அணிவதில்லை. வழுக்கும் தரையும் கூரிய ஆணியும் தம்மைக் காயப்படுத்தாமல் இருக்கவே அணிகின்றனர்.

கட்டுமானத் தளங்களில் உழைப்பவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பலர். நூறு ஆண்டுகளுக்கு முன் வெறுங்காலுடன் மரக்காட்டுக்குள் நடந்தவர்களைப்போல் இவர்களும் குடும்பத்தைப் பிரிந்து பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களே. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. ஊழியர்களின் பாதுகாப்புக்கு முதலாளிகள் பொறுப்பேற்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. ஒரு தொழிலாளியின் காலில் இருக்கும் பாதுகாப்பு பூட்ஸ் வெறும் காலணி அன்று. அவருடைய பாதமும் காக்கப்பட வேண்டிய ஒன்று என்பதைச் சமுதாயம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

மாலையில் வேலை முடிந்து, சேறு படிந்த பூட்ஸுடன் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் உங்கள் அருகே வந்து நிற்கலாம். அப்போது அந்தச் சேற்றைக் கண்டு விலகி நிற்காதீர்கள். நாம் நடக்கும் பாதையும் வாழும் வீடும் அந்தச் சேற்றிலிருந்துதான் எழுந்தன.

அருஞ்சொற்பொருள்

கோமகன் – உயர்குடிப் பட்டம் பெற்றவர்
பெரட்டு – தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குமுன் ஒன்றுகூடிப் பெயர் கொடுப்பது
மங்கு – ரப்பர் பால் வடிந்து சேரும் கிண்ணம்
பூமலை – சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா

சிந்திப்போம்

1. ‘எல்லாப் பாதங்களும் ஒரே மதிப்புடையவையாக அன்று கருதப்படவில்லை.’ இக்கூற்றைப் பகுதியில் உள்ள இரண்டு சான்றுகளைக் கொண்டு விளக்குக.
2. சுரங்கத் தொழிலாளர்கள் பூட்ஸை இசைக்கருவியாக்கியது அவர்களின் எத்தகைய மனநிலையைக் காட்டுகிறது?
3. உங்கள் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் பள்ளிக்கோ வேலைக்கோ அணிந்த காலணியைப் பற்றிக் கேட்டறிந்து, ஒரு பத்தி எழுதுக.