முதலுக்கு மோசமில்லாத தருமம்

சகோதரர்களே! 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, 2030க்குள் உலகம் எய்த வேண்டிய 17 இலட்சியங்களை வகுத்தது. வறுமை ஒழிதல், பசி நீங்குதல், யாவர்க்கும் கல்வி ஆகியன அவற்றுட் சில. வருங்காலத்தாரின் பங்கை அழிக்காமல் இன்றைய குறை தீர்ப்பதே அவற்றின் சாரம்.

வணிகர்களாகிய நமக்கு இது புதிதன்று. முதலுக்கு மோசமின்றி, வருவாயை மட்டும் நற்காரியத்தில் செலவிடுவதே வக்ஃபு. பினாங்கில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அதன் வக்ஃபு நிலங்களும் அதற்குச் சான்று.

செர்டாங் வியாபாரிகளே! ஒருவேளை விருந்து ஒருநாட் பசியைத் தீர்க்கும். ஒரு கடையின் வாடகையை ஏழை மாணவர்க்கென வக்ஃபு செய்தால் தலைமுறைகள் படிக்கும். ஆனால் வாய்ச்சொல் வக்ஃபு வாரிசுகளின் வழக்கில் முடியலாம். கெடாவில் வக்ஃபுகளுக்குப் பொறுப்பாளர் மாநில இஸ்லாமிய சமய மன்றமே. அங்கு முறைப்படி பதிவு செய்வீர்களாக. அல்லாஹ் அருள் புரிவானாக, ஆமீன்.