ஊசிமுனையில் மீண்ட கலை

தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலுள்ள தாண்டாக்களில் லம்பாடி மக்கள் வாழ்கின்றனர். பொதியெருதுகளில் உப்பும் தானியமும் ஏற்றிச்சென்று வணிகம் செய்தோர் இவர்தம் முன்னோர். பாவாடை, ரவிக்கை, முக்காடு ஆகியவற்றில் பெண்கள் தாமே பூவேலை செய்து, கண்ணாடிச் சில்லும் சோழியும் பதித்து அணிந்தனர்.

ஆடை மாறியபோது ஊசியும் ஓய்ந்தது. இரு தலைமுறைக் காலம் இக்கலை வழக்கொழிந்து கிடந்தது. மூதாட்டியர் சிலரின் நினைவிலும் பழைய ஆடைகளிலும் மட்டுமே அது எஞ்சியிருந்தது.

துணியின் முன்புறம் அழகைக் காட்டும். மறுபுறம் ஊசி சென்ற வழியைக் காட்டும். ஆயினும், இழைகளை எண்ணித் தைக்கும் வேலையில் ஓரிழை தவறினாலும் வடிவம் கோணிவிடும். நீலகிரித் தோடர் பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் கம்பளி நூலால் செய்யும் பூவேலையும் இத்தகையதே. எனவே, அறிந்தவர் அருகிருந்தே இதனைக் கற்கவேண்டும்.

சிட்லிங்கிப் பெண்கள் அவ்வாறே மூத்தோரிடம் கற்றனர். 1993இல் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கிய 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' அமைப்பு துணைநின்றது. அவர்கள் உருவாக்கிய கைவினைஞர் சங்கத்தின் பெயர் 'போர்கை'. லம்பாடி மொழியில் 'பெருமிதம்' என்பது பொருள். கைத்தையல் இன்று அவர்களுக்கு ஊரிலேயே வருவாய் தருகிறது. இன்னுமொரு தலைமுறை தாழ்ந்திருந்தால், கேட்டறிய எவரும் இருந்திருக்கமாட்டார்.