சாயமும் சொல்லும்

ஆனேக்கல்லில் எங்கள் வீட்டுத் தறியில் என் தந்தையார் பட்டு நெய்கிறார். பிழைப்புத் தேடிச் சேலத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. சென்ற ஆண்டு, அவர் நெய்த சேலையொன்றின் சிவப்புக் கரை, நனைத்ததும் வெள்ளை உடலில் இறங்கிவிட்டது. சாயமிட்டவர் வேறொருவர், கூலி பிடிக்கப்பட்டதோ தந்தையாருக்கு. சாயம் ஏன் போகிறது? வேதியியல் பயிலும் எனக்கு அன்று பிறந்தது இக்கேள்வி.

பட்டு புரத இழை. அமிலம் கலந்த சாயத் தொட்டியில் அது நேர்மின் ஏற்று, எதிர்மின் கொண்ட சாயத்தைப் பற்றுகிறது. காரமுள்ள சோப்பு நீரில் அப்பிடி தளர்கிறது. பருத்தியோ செல்லுலோசு. மஞ்சள் போன்ற செடிச் சாயங்கள் அதில் வலுவாக ஒட்டுவதில்லை, சுடுநீரில் கழன்றுவிடும். செல்லுலோசுடன் வேதிப்பிணைப்பால் இணையும் 'புரோசியான்' சாயங்கள் 1956இல்தான் விற்பனைக்கு வந்தன.

இனி வியப்பைக் கேளுங்கள். சென்னையின் பழம்பெயர் தாங்கிய 'மெட்ராஸ்' பருத்தித் துணியில், அமெரிக்க உடையமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் (1905–1958) 1940களிலேயே உடைகள் வகுத்தார். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர், கிருஷ்ணன் நாயரிடம் இக்கட்டம் போட்ட துணியை வாங்கி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார் என்பர். குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை உடுத்தியவர்களை எட்டவில்லை. சாயம் ஓடியது, சினம் மூண்டது. விளம்பரக்காரர்கள் குறையை மறைத்தார்களா? இல்லை! "சாயம் போவது உறுதி" என்று அதனையே முழக்கமாக்கினர். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் கலந்து புதுமை தரும் என்றனர். அந்நாட்டு மாணவர்கள் விரும்பி வாங்கினர்.

இதைத் தந்தையாரிடம் சொன்னேன். தறியை நிறுத்தினார். "ஏன் தம்பி, இங்கே சாயம் இறங்கினால் கூலியைப் பிடிக்கிறார்கள்; அங்கே அதற்கே விலையா?" என்றார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. சாயம் ஓடுவது எங்கும் ஒன்றே. அதைக் குறையென்றும் அழகென்றும் பெயரிடும் உரிமை விற்பவனிடம் இருக்கிறது. நெய்பவனிடம் இல்லை.

அவ்வுரிமையை ஒரே நாளில் பெற முடியாது. ஆனால் அறிவை இன்றே பெறலாம். சாயமிட்ட நூலுடன் வெள்ளை நூலை முறுக்கி, இளஞ்சூடான சோப்பு நீரில் அரைமணி வைத்து, உலர்த்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்நூல் தறிக்கு ஆகாது. இதைத் தந்தையாருக்குக் கற்பித்தேன். சென்ற மாதம், கறைபட்ட வெள்ளை நூலைச் சான்றாகக் காட்டி, அவர் ஒரு கட்டு நூலைத் திருப்பியனுப்பினார். கூலி குறையவில்லை.

தோழர்களே, நாம் கற்ற வேதியியல் தேர்வுத்தாளோடு நிற்கலாமா? உங்கள் வீட்டுத் தொழிலுக்கும் அது ஒரு சொல் சொல்லட்டும்.